பாட்டு நிற்கும் இடம்

எங்கள் பட்டறையில் பாட்டுப் போட வேண்டும் என்று முதலில் கேட்டது உங்கள் அம்மாதான், கயல்விழி. அது உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஓனரிடம் எதையும் கேட்க மற்றவர்கள் தயங்குவார்கள். சாந்தாமணி அக்கா தயங்க மாட்டார். "ஏனுங்க, காத்தால இருந்து பொழுதோட வரைக்கும் டக்கு டக்குனு இதையே கேட்டுட்டு இருந்தா மண்டை காஞ்சு போயிருமுங்க. ஒரு பாட்டுப் பொட்டி வாங்கி வெச்சா என்னவாமா?" என்றார். ஓனர் கிருபாசங்கர் சிரித்துவிட்டார். கோயில் நோம்பிக்கு மைக் செட் வாடகைக்கு விடுகிற ஒருவரிடம் பழைய ஸ்பீக்கர் இரண்டு வாங்கி வந்து, நான் உட்கார்ந்திருந்த கண்ணாடிக் கேபினின் கம்ப்யூட்டரோடு இணைத்தார்.

முந்தாநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் என்னை நிறுத்திக் கேட்டீர்கள். "அன்னைக்குப் பாட்டு நிக்கவே இல்லைன்னு அம்மா திரும்பத் திரும்பச் சொல்றாங்க. ஓனரும் பூவாத்தாக்காவும் வழக்கம்போலத்தான் ஓடுச்சுன்னு சொல்றாங்க. பாட்டுப் போட்டது நீங்கதானுங்களே. நின்னுச்சா, நிக்கலையா?"

நான் தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று உங்களுக்குப் புரிந்திருக்காது. எனக்கு வாயில் பேச்சு வராது. எழுத்தில் வரும். அதனால் முழுவதையும் எழுதி உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம். டியூட்டி முடிந்த பிறகு படியுங்கள்.

உங்கள் அம்மா ஓட்டிய மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பவர் பிரஸ் என்பது ஆளுயர இரும்பு. கீழே ஓர் அச்சு, மேலே ஓர் அச்சு. தகட்டை எடுத்துக் கீழ் அச்சின் மேல் வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேல் அச்சு இறங்கும். தகடு வளைந்து, பம்புசெட் மோட்டாருக்குள் மாட்டுகிற ஒரு பட்டையாகிவிடும். அதை எடுத்துக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த தகடு. கை உள்ளே இருக்கும்போது கால் மேலே இருக்க வேண்டும். அவ்வளவுதான் அந்த வேலை. வாங்கும்போது இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்குகிற மாதிரி இருந்ததாம். வேலை ஓடவில்லை என்று ஓனர் அதைக் கழற்றிவிட்டுப் பெடல் வைத்தார். அது நான் வருவதற்கு முன்பு. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை.

நான் அங்கே வந்தது அம்மாவோடு. என் அம்மா ராசாத்தாள் பாக்கிங்கில் இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். பத்தாவது படிக்கும்போது பள்ளியில் ஆண்டு விழா. என் பெயர் சண்முகப்பிரியா. அது ஒரு ராகத்தின் பெயர் என்பதால் எனக்குப் பாட வரும் என்று பாட்டு டீச்சர் முடிவு செய்துவிட்டார். மேடையில் ஏற்றி மைக்கை என் வாய்க்கு நேராக வைத்தார்கள். சத்தம் வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. முதலில் முன் வரிசை சிரித்தது, பிறகு எல்லோரும். "பேருல மட்டும்தான் ராகம்" என்று டீச்சர் மைக்கிலேயே சொன்னார். மறுநாள் நான் போகவில்லை, அதற்கு மறுநாளும். வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று அம்மா பட்டறைக்குக் கூட்டி வந்தார். ஓனர் கேபினில் உட்கார வைத்து பில் போடக் கற்றுக் கொடுத்தார். அங்கே யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும். நான் வாழ்க்கையில் உட்கார்ந்த இடங்களில் அதுதான் நல்ல இடம்.

முதலில் சினிமாப் பாட்டுதான் போட்டேன். அது சரிப்படவில்லை. சோகப் பாட்டு வந்தால் பூவாத்தாக்கா மெஷினை நிறுத்திவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைப்பார். குத்துப் பாட்டு வந்தால் எல்லோருமாகச் சேர்ந்து பாடுவார்கள். எது போடுவது என்று சண்டை வரும். ஓனர் கேபின் கதவைத் திறந்து, "பாட்டுல வார்த்தை இருந்தா இவங்க வாயும் கூடச் சேர்ந்து ஓடுது. வார்த்தையே இல்லாததா ஒண்ணு தேடிப் போடு அம்மணி" என்றார்.

தேடினேன். இலவசமாக இசை கிடைக்கிற ஒரு தளத்தில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா ஒலிப்பதிவு இருந்தது. வெளிநாட்டில் யார் யாரோ சேர்ந்து வாசித்தது. தலைப்புக்குக் கீழே மூன்றே விவரம். வேகம்: நிமிடத்துக்கு இத்தனை அடி. சுருதி: ஜி மைனர். மனநிலை: உறுதி. அதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. மனிதர்களுக்கும் இப்படிக் கீழே மூன்று விவரம் எழுதியிருந்தால் பழகுவது எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன்.

அடியில் பெரிய வயலின்கள் ஒரே மாதிரி நடந்துகொண்டே இருக்கும். மேலே சின்ன வயலின்கள் ஏறி ஏறி இறங்கும். தூரத்தில் ஒரு முரசு. போட்ட முதல் நாளே ஒரு விஷயத்தைக் கவனித்தேன். எங்கள் கம்ப்ரசர் ஓடும்போது ஒரு முனகல் வருமே, அதுவும் இந்தப் பாட்டும் ஒட்டிக்கொண்டன. போனில் பியானோ ஆப் இறக்கி ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தேன். கரண்டில் ஓடுகிற மோட்டார்கள் எல்லாம் அந்த ஜிக்குப் பக்கத்தில்தான் முனகுகின்றன. அந்த ஒலிப்பதிவை வாசித்தவர்கள் யாரும் எங்கள் கணபதி ஏரியாவைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் எங்கள் ஷெட்டுக்கென்றே வாசித்த மாதிரி இருந்தது.

பாட்டின் நடுவில் ஓர் இடம் வரும். எல்லா வாத்தியமும் ஒன்றாக நிற்கும். இரண்டு நொடிதான். பிறகு எல்லாம் ஒன்றாகத் தொடங்கும். அந்த நிறுத்தத்தைப் பற்றித் தளத்தில் எதுவும் எழுதவில்லை. ஆனால் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பாட்டு நின்றதும் அவர்கள் காலும் தானாக நின்றது. சும்மா நிற்பானேன் என்று அந்த நேரத்தில் அச்சுக்கு எண்ணெய் தடவ ஆரம்பித்தார்கள். பூவாத்தாக்கா அதற்கு ஸ்டாப்பிங் என்று பெயர் வைத்தார். "ஸ்டாப்பிங் வருது, ஸ்டாப்பிங் வருது, சிங்காநல்லூர் எறங்கறவங்க எல்லாம் எறங்கிக்குங்கோ" என்று கத்துவார். "டிக்கெட்டு எடுத்தியா மொதல்ல?" என்று யாராவது கேட்பார்கள். பாட்டு சுற்றிச் சுற்றி ஓடுவதால் நாள் முழுக்க ஸ்டாப்பிங் வந்துகொண்டே இருக்கும். எண்ணெய் சரியான இடைவெளியில் விழுந்ததால் அச்சுத் தேய்மானம்கூடக் குறைந்தது என்று ஓனர் சொன்னார். என்னைப் பாராட்டினார்.

எண்ணெய்க்கு நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள், உங்கள் அம்மாவைத் தவிர. பிரஷ் போட்டால் மூலையில் இருக்கிற பிசிறு வருவதில்லை என்பார். துணியை விரலில் சுற்றி உள்ளே விட்டுத் துடைப்பார். அவர் வளைத்த பட்டைகளில் ஒரு கீறல் இருக்காது. அதில் அவருக்குப் பெருமை உண்டு.

வேகத்தை நான் முதலில் மாற்றியது ஓர் அவசர ஆர்டருக்காக. கொஞ்சம்தான் கூட்டினேன். ஆனால் சும்மா கூட்டினால் சுருதியும் ஏறிவிடும். "என்னடி இது, பாட்டு பூனை கத்தற மாதிரி கத்துது" என்று பூவாத்தாக்கா உடனே சொன்னார். சுருதியைப் பிடித்து வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கூட்ட ஒரு வழி இருக்கிறது. அதைக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சுருதி மாறாவிட்டால் காது சந்தேகப்படாது. மனநிலையும் மாறாது. கால் மட்டும் மாறும்.

அதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த அன்று எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துகூட நிற்கவில்லை. ஒரு கோட்டை விரலால் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினேன். ஷெட்டில் இருந்த எல்லாக் கால்களும் கேட்டன.

பிறகு ஆர்டர் இல்லாத நாளிலும் செய்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு மெதுவாக்குவேன், தேநீருக்குப் பிறகு ஏற்றுவேன். மெஷின்கள் எல்லாம் முரசோடு சேர்ந்து ஒரே அடியாக விழும்போது கேபின் கண்ணாடி மெல்ல அதிரும். அப்போது கையை அதன் மேல் வைத்துக்கொள்வேன். ஒரு மெஷின் மட்டும் எப்போதும் ஒரு மயிரிழை பிந்தி விழும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அது எது என்று தெரியும். உங்கள் அம்மா வேலையில் குறை வைக்கிறவர் இல்லை. நிதானமானவர், அவ்வளவுதான். ஆனால் பல்லிடுக்கில் சோளத்தோல் மாட்டினால் நாக்கு அங்கேயேதான் போகும், இல்லையா? அந்த மாதிரி. ஒரு ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். கொஞ்சம் சரியானது.

அவர் மட்டும்தான் கண்டுபிடித்தார். ஒரு நாள் கேபினுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாகக் கேட்டார். "கண்ணு, பாட்டை நீ எச்சு வேகத்துல உடறயா? ஓனரு சொல்லித்தான் செய்யறயா? அதில்லை, காலு பாட்டு கூடவே போயிருது. கை பொறகால வருது. நெம்ப பயமா இருக்குது சாமி. சித்த நிதானமா உடேன்."

தலையாட்டினேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அன்று குறைத்து வைத்தேன். மறுநாள் பழையபடி ஏற்றினேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கால் பாட்டுக்குப் போகும் கை வேலைக்குப் போகும் என்பதை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்து அவர் செய்த நல்ல காரியத்தைப் பற்றி எழுத வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் என் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்கிற தூரத்தில்தான் இருந்தேன். "ராசாத்தா, இந்தப் புள்ளைய இப்படியே கண்ணாடிப் பொட்டிக்குள்ள வெச்சிருந்தா நெசமாவே ஊமையாப் போயிரும். பத்தாவது பரிச்சையத் தனியாக் கட்டி எழுதச் சொல்லு. என்ற புள்ள கயலு சொல்லிக் குடுப்பா. நான் பேசிட்டேன் அவகிட்ட." என் அம்மா அழுதுவிட்டார். அக்கா அதோடு நிற்கவில்லை, நேராக ஓனரிடம் போனார். ஓனரும் நல்ல மனிதர்தான். "தாராளமாப் படிக்கட்டும். பில்லை ஆடிட்டர் ஆபீசுலயே போட்டுக்கலாம். பாட்டை என்ற போன்ல இருந்து போட்டுக்கறேன். இந்தக் கேபினை எடுத்துப்போட்டா இன்னொரு பிரஸ் நிக்க எடம் ஆவும்" என்றார். அடுத்த மாதம் என்று முடிவானது.

உங்கள் அம்மா எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். மூடியில் என் பெயரை நெயில் பாலிஷால் அவரே எழுதியிருந்தார். கையெழுத்து அழகாக இருந்தது. "பேசாட்டிப் போகுது கண்ணு. பரிச்சையில ஆரும் பேசச் சொல்ல மாட்டாங்க. எழுதுனாப் போதும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வார்த்தை வரவில்லை. தலையாட்டினேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவர் எண்ணத்தில் ஒரு குற்றமும் இல்லை. நான் எந்த நேரத்திலும் அவர் மேல் கோபப்படவில்லை. கோபம் வந்திருந்தால் இவ்வளவு பொறுமையாக வேலை செய்திருக்க முடியாது. நான் யோசித்தது இதுதான். இந்தப் பேச்சை நடத்துவது அவர் ஒருவர். என் அம்மாவுக்கு அலைந்து திரிந்து பரீட்சைக்கு விண்ணப்பப் பாரம் வாங்கத் தெரியாது. ஓனர் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார். சாந்தாமணி அக்கா கொஞ்ச நாள் பட்டறைக்கு வராமல் இருந்தால் எல்லாம் தானாக அடங்கிவிடும்.

அந்த நிறுத்தத்தை எடுத்துப் பார்த்தேன்.

சொல்வதற்குச் சுலபம், செய்வதற்கு அப்படி இல்லை. நிறுத்தத்துக்கு முன்னால் வயலின்களின் கடைசி முனகல் காற்றில் கொஞ்சம் தொங்கி நிற்கும். சும்மா வெட்டினால் அது அறுந்து, டொக் என்று காதில் இடறும். அதை அடுத்த அடிக்குள் மெல்லக் கரைய விட வேண்டும். அடுத்த அடியோ ஒரு துளிகூட முந்தாமல் பிந்தாமல், கால் எதிர்பார்க்கிற அதே இடத்தில் விழ வேண்டும். பில் வேலை முடிந்த பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன். பலமுறை கெட்டுப்போனது. கடைசியில் வந்துவிட்டது. அந்தப் பாட்டின் மனநிலை உறுதி என்றுதான் போட்டிருக்கிறார்கள். உண்மையில் நடுவில் ஒரு நிறுத்தம் இல்லாமல் இருந்தால்தான் அது இன்னும் உறுதியாக இருக்கிறது. நீங்களே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் நர்சிங் கல்லூரியில் பெற்றோர் கூட்டம் என்று அக்கா லீவு போட்ட அன்று, ஒரே ஒரு சுற்று, அதைப் போட்டுப் பார்த்தேன். வராத ஒன்றை யாரும் கவனிப்பதில்லை என்று அன்று தெரிந்தது. மற்றவர்கள் பாட்டோடு மிதித்துக்கொண்டே போனார்கள். பூவாத்தாக்கா மட்டும் பழக்கத்தில் பிரஷ்ஷை உள்ளே விட்டுவிட்டார். கால் நிற்கவில்லை. பிரஷ்ஷின் தலை தகடு மாதிரி ஆகிவிட்டது. ஓனர் ஓடி வந்து திட்டினார். "பிரஷ்ஷுக்குப் பதிலு வெரலா இருந்திருந்தா என்ன பண்ணுவ?"

"அசந்துபோட்டேனுங்க. என்ற தப்புத்தானுங்க" என்றார் பூவாத்தாக்கா.

நான் பழைய பாட்டுக்கு மாற்றினேன். அதன் பிறகு சில நாள் எதுவும் செய்யவில்லை. அக்கா திரும்பி வந்தார். உங்கள் டீச்சர்கள் உங்களைப் புகழ்ந்ததை எல்லோரிடமும் சொன்னார். கேபினை இடிக்க ஆள் வந்து டேப் வைத்து அளந்தார். மேஜையை எங்கே போடுவது என்று என்னைக் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாததால் அவரே பழைய இரும்புக்கு என்று எழுதிக்கொண்டார்.

உங்கள் அம்மாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். எல்லா அடிக்கும் பிந்தி வருகிறவர், ஸ்டாப்பிங்குக்கு மட்டும் முந்திவிடுவார். அது வரப்போகிறது என்று அவருக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும். வயலின்கள் ஏறி முடிக்கும்போதே துணி சுற்றிய விரல்கள் நகரத் தொடங்கிவிடும். பாட்டு நிற்கிற நொடியில் விரல்கள் ஏற்கெனவே அச்சின் மேல் இருக்கும். இதை நான் பல மாதமாகப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நம்பிக்கையோடு யாரும் எதற்குள்ளும் கையை விட்டு நான் பார்த்ததில்லை.

அன்று காலை முழுவதும் உண்மையான பாட்டைத்தான் ஓட விட்டேன். ஸ்டாப்பிங் சரியாக வந்தது, எல்லோரும் எண்ணெய் தடவினார்கள். தேநீருக்குப் பிறகு வேகத்தைக் கொஞ்சம் ஏற்றினேன். எல்லோரும் ஒன்றாக விழத் தொடங்கும் வரை காத்திருந்தேன். பூவாத்தாக்கா கூடை மாற்ற எழுந்து போயிருந்தார். அவர் எழுந்து போகும் சுற்றைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். இன்னொரு முறை அவர் பிரஷ் நசுங்கினால் சந்தேகம் வரும், பாவம் அவருக்குத் திட்டும் விழும். இரண்டாவது ஃபைலுக்கு மாற்றினேன். கையைக் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டேன்.

வயலின்கள் ஏறின. உங்கள் அம்மாவின் கை நகர்ந்தது. பாட்டு நிற்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. கண்ணாடியில் வழக்கமான அதிர்வுதான் வந்தது. ஒன்று சொல்லலாமா, கயல்விழி? அந்த ஓர் அடியில் மட்டும்தான் அவர் மெஷின் மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து விழுந்தது.

அவர் அலறுவதற்குக் கொஞ்சம் நேரம் ஆனது. அதற்குள் நான் பழைய ஃபைலுக்கு மாற்றிவிட்டு, பிறகு ஸ்பீக்கரை நிறுத்தினேன். எல்லோரும் ஓடினார்கள். "பவரை ஆஃப் பண்ணு, பவரை ஆஃப் பண்ணு" என்று ஓனர் கத்தினார். மெயின் சுவிட்ச் கேபினில்தான் இருக்கிறது. நான்தான் ஆஃப் செய்தேன். மேல் அச்சைக் கையால் சுற்றித் தூக்க வேண்டியிருந்தது. என் அம்மாதான் அச்சில் இருந்தவற்றைத் துணியில் எடுத்து, டீக்கடையில் ஐஸ் வாங்கி, தன் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வெட்டுப்பட்ட விரல் என்றால் முயற்சி செய்யலாம், நசுங்கியதை ஒட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த டிபன் பாக்ஸை அம்மா இன்னும் வீட்டுக்கு எடுத்து வரவில்லை.

விசாரிக்க அதிகாரி வந்தார். பெடலைப் பார்த்தார். ஓனர் அவரோடு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டார்கள். பாட்டு நிற்கவில்லை என்று அக்கா சொன்னதற்காகக் கேபினுக்கு வந்து ஒலிப்பதிவைப் போடச் சொன்னார்கள். போட்டேன். நிறுத்தம் இருந்தது. "வலியில ஒளர்றாங்க, பாவம்" என்றார் ஓனர். பூவாத்தாக்காவும், ஸ்டாப்பிங் வராமல் ஒரு நாளும் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டு அழுதார்.

முந்தாநாள் நீங்களும் அதையேதான் செய்தீர்கள். அம்மாவைச் சமாதானப்படுத்த, என்னிடம் அந்தப் பாட்டை வாங்கி உங்கள் போனில் போட்டுக் காட்டினீர்கள். "பாருங்கம்மா, நிக்குதுல்ல" என்றீர்கள். நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கால் மிதித்துக்கொண்டிருந்தது. வயலின்கள் ஏறும்போது கட்டுப் போட்ட கை மெத்தையிலிருந்து நகர்ந்தது. அப்போதும் கொஞ்சம் முந்தித்தான். பாட்டு நின்றது. அவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். "கண்ணு, பரிச்சைக்குப் பாரம் வாங்கிட்டயா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

வாங்கவில்லை. இனி வாங்கவும் மாட்டேன். கேபினை இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று ஓனர் சொல்லிவிட்டார். விபத்துக்காக ஆபீஸ் ஆபீஸாகக் கொடுக்க வேண்டிய கடிதங்கள் நிறைய இருக்கின்றன, அதற்கு ஆள் வேண்டும். பாட்டும் ஓடுகிறது. ஒரு வாரம் நிறுத்தி வைத்திருந்தார்கள், பிறகு பெண்களே கேட்டார்கள். உங்கள் அம்மாவின் மெஷினில் இப்போது சஃபியா என்று ஒரு பெண் வருகிறாள், என் வயதுதான். ஓர் அடிகூடப் பிந்துவதில்லை. கேபினுக்குள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, உங்க பேரு என்னங்க?" என்று தினமும் கேட்கிறாள். பிரஷ்ஷை வைத்துவிட்டு விரலால் துடைக்கத் தொடங்கியிருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் அம்மா உளறவில்லை. அன்று பாட்டு நிற்கவில்லை. அதை நிற்காமல் செய்தது நான்தான். அவருக்கு நான் எந்தக் கெடுதலும் நினைத்ததில்லை. யார் கையையும் தொட்டதில்லை. பாட்டிலிருந்து ஒன்றுமில்லாத இரண்டு நொடியை எடுத்தேன், அவ்வளவுதான். இதை நீங்கள் போலீஸில் காட்டினாலும் எனக்கு வருத்தம் இல்லை. அங்கே நிற்க வைத்துப் பேசச் சொல்வார்கள், அது ஒன்றுதான் பயம். எழுதினால் போதும் என்று நீங்கள் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இதோடு இரண்டு ஃபைல்களும் அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம், கால் ஆடும். நீங்கள் மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். முதலில் உண்மையானதைக் கேளுங்கள், பிறகு இரண்டாவதை. எத்தனை முறை வேண்டுமானாலும் கேளுங்கள். ஒட்டு எங்கே இருக்கிறது என்று உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.